உப்பு போன வழி

கண்ணாடிக் குழாயில் வெள்ளை விழுந்துவிட்டது.

பட்டாபி அதை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். சந்தேகமே இல்லை. அம்மன் ஊற்றில் மொண்ட தண்ணீரில் வெள்ளிக் கரைசலை இரண்டு சொட்டு விட்டதும், அரிசி களைந்த கழுநீர் மாதிரி கலங்கி நின்றது. நேற்று இதே ஊற்று, இதே கரைசல்; தண்ணீர் பளிங்காக இருந்தது. "போச்சு" என்றான்.

என்ன போச்சு என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கொல்லம் ஆயிரத்து நூற்று மூன்றாம் ஆண்டு, இடவ மாதம், அதாவது வைகாசி. நெடுமங்காட்டுக்கு மேலே, மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வாந்திபேதி கண்டு பலபேர் போய்விட்டார்கள். லயத்தின் நடுவே ஒரு பள்ளம் உண்டு. வீடுகளின் அழுக்கெல்லாம் சரிந்து வந்து சேருவது அதில்தான். செத்தவர்களின் துணியை அலசியதும் அதில்தான். மேலேயிருந்து வரும் வாய்க்கால் அந்தப் பள்ளத்தில் இறங்கிப் பாறைகளுக்கடியில் காணாமல் போய்விடும். கீழே, அதே பாறையின் அடியில் இரண்டு ஊற்றுகள். பெரியது அம்மன் ஊற்று; பக்கத்தில் முத்தாரம்மன் என்று மஞ்சள் பூசிய ஒரு கல் நிற்கும். இன்னொன்று அந்தப் புறம், புதருக்குள், சின்ன ஊற்று. இரண்டும் சேர்ந்து ஓடையாகி, ஓடை கரமனை ஆற்றில் விழுகிறது. அந்த ஆற்றைத்தான் திருவனந்தபுரத்தில் பாதிப்பேர் குடிக்கிறார்கள்.

பள்ளத்துத் தண்ணீர் எந்த ஊற்றில் வெளியே வருகிறது? இதைக் கண்டுபிடிக்கத்தான் பட்டாபியைச் சர்க்கார் ரசாயனசாலையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். சின்ன ஊற்றில் வந்தால், கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்து வேறு குழிக்குத் திருப்பிவிடலாம். அம்மன் ஊற்றில் வந்தால் மனுஷனால் அடைக்க முடியாது. அப்போது லயத்தையே காலி பண்ண வேண்டும். இவ்வளவுதான் கணக்கு.

பள்ளத்தில் உப்பைக் கொட்டி, எந்த ஊற்றில் உப்பு தலைகாட்டுகிறது என்று பார்ப்பது வழி. உப்புள்ள தண்ணீரில்தான் வெள்ளிக் கரைசல் வெள்ளையாகக் கலங்கும். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் உப்புக்கடை பகவதிப்பெருமாள் பிள்ளை மூன்று மூட்டை உப்பை வண்டியில் ஏற்றும்போதே கேலி பண்ணினார். "ஐயரே, அப்பளத்துக்கு வாங்குவீரு, ஊறுகாய்க்கு வாங்குவீரு. மலைமேல கொண்டுபோய்க் கரைக்கவா மூணு மூட்டை?" அன்று காலை மூன்று மூட்டையையும் பள்ளத்தில் கொட்டிவிட்டுப் பட்டாபி கீழே இறங்கி வந்தான். அம்மன் ஊற்றில் முதல் குழாய் மொண்டதுமே வெள்ளை.

"சாரே, சின்ன ஊத்தையும் ஒண்ணு பாத்துக்கிடலாமா?" என்றான் ராஜையன். பாறசாலைப் பக்கத்து ஆள், ஓவர்சியர், பட்டாபிக்குத் துணையாக வந்தவன்.

"என்னத்துக்கு ஓய்? இதுலயே விழுந்துடுத்தே. இனி அதுல வந்தா என்ன, வராட்டா என்ன?"

"பின்னே செரி" என்று ராஜையன் குப்பிகளைப் பெட்டியில் அடுக்கினான்.

இரண்டையும் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது என்பது பட்டாபிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மலைக்கு வந்த மூன்று நாளும் அவன் கண்ணில் மலை இல்லை, ஊற்று இல்லை, கரமனைப் படித்துறைதான் இருந்தது. அங்கே அவன் மனைவி விஜயம் விடிகாலையில் பித்தளைக் குடத்தை அமுக்கித் தண்ணீர் மொள்ளுகிறாள். வீட்டில் பால் குடிக்கிற குழந்தை. கிளம்புகிற அன்று, வெள்ளிக் கரைசல் பட்டுக் கறுத்துப்போன அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "சாயப்பட்டறைக்காரன் கையாட்டமா இருக்கே, இந்தக் கையாலே குழந்தையைத் தொடாதேங்கோ" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தாலே அவனுக்குப் பயம் பிடுங்கித் தின்றது. பயந்தவன் பொறுமையாகச் சோதிப்பானா? ஓட்டமாகத் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குப் போனான்.

துரை வராந்தாவில் நின்றபடியே கேட்டார். கேட்டு முடித்ததும் தலையை ஆட்டினார். இருட்டுவதற்குள் லயம் காலியாக வேண்டும், பிறகு தீ வைத்துவிட வேண்டும், இன்றைக்கோ நாளைக்கோ மழை இறங்கிவிடும், அதற்குமேல் தாமதிக்க முடியாது என்றார்.

"படுத்திருக்கிறவர்கள் இருக்கிறார்களே?" என்றான் பட்டாபி.

நெடுமங்காட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்றார் துரை.

மலைப்பாதை, இடவப்பாதி மழை, நாடி விழுந்த நோயாளிகள். எத்தனை பேர் நெடுமங்காட்டைக் கண்ணால் காண்பார்கள் என்று கேட்டிருக்கலாம். பட்டாபி கேட்கவில்லை. கேட்டால் எங்கே அவர் மனசு மாறிவிடுமோ, ஆறு கெட்டுவிடுமோ என்று இருந்தது அவனுக்கு. அவன் பொல்லாதவன் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் பொல்லாதவன் செய்கிறதைத்தான் செய்தான்.

பெட்டியை எடுக்க லயத்து வழியாகப் போனபோது, செய்தி அவனுக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. பாயும் சட்டியும் வாசலுக்கு வந்துகொண்டிருந்தன. கங்காணி திரவியம் குறுக்கே வந்து நின்றான். தென்காசிப் பக்கத்தான், நெஞ்சுரம் உள்ளவன். இப்போது குரல் உடைந்திருந்தது.

"எங்க சாமி போகச் சொல்லுதீக? பேதி கண்ட லயத்து ஆளுன்னு தெரிஞ்சா எந்த ஊர்க்காரன் உள்ள விடுவான்? கல்லெடுத்துல்லா எறிவான்."

"நான் என்ன பண்ணட்டும் கங்காணி? தண்ணி காட்டினதைச் சொன்னேன்."

"எம் பிள்ளை உள்ள கிடக்கு, வந்து பாருங்க. அதைத் தூக்கிட்டு நாலு வளைவு இறங்கினா உசிரு தங்குமா?"

பட்டாபி வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். ஆறு வயசுப் பெண், பகவதி என்று பேர். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, துணி கிடக்கிற மாதிரி கிடந்தது. வாந்தி நின்றுவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. அதன் தலைமாட்டில் தாய் முத்தாரம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பட்டாபியைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. என்னவோ சொல்ல வந்து விழுங்குகிறவள் மாதிரி இருந்தாள். அவனுக்கு அங்கே நிற்கப் பிடிக்காமல் நடந்தான்.

பாதை திரும்புகிற இடத்தில் பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது.

"சாமி, நில்லுங்க."

முத்தாரம்மாள்தான். மூச்சு இரைத்தது.

"எங்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்லேம்மா. என் கையை விட்டுப் போயாச்சு."

"அம்மன் ஊத்துல உப்பு இருந்துச்சுன்னுதானே எங்களை வெரட்டுதாவ?"

"ஆமாம்."

"அந்த உப்பு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். ஊற்று இருக்கிற திசைக்குத் திரும்பி, இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டாள். "தாயே, முத்தாரம்மா, நான் வாயைத் தொறக்கேன். என்னை எடுத்துக்க. பிள்ளையை விட்ரு." பிறகு இவன் பக்கம் திரும்பினாள். "அது நான் போட்ட உப்பு சாமி."

பட்டாபிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவன் கழுத்தில் மரு வந்தபோது அவன் அம்மாவே கோவில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டவள்தான். உப்பு கரைகிற மாதிரி சீக்கு கரையவேண்டும் என்று நேர்ந்துகொண்டு போடுவது. போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. குணமாகிற வரைக்கும் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் நேர்ச்சை கெட்டுவிடும், கரைந்தது திரும்பி வந்துவிடும். அவள் ஏன் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள் என்பது இப்போது அவனுக்குத் தெரிந்தது. சொல்லாவிட்டால் பிள்ளை வழியில் போய்விடும். சொன்னால் நேர்ச்சை கெட்டுப் போய்விடும். இரண்டிலும் பிள்ளைதான் போகிறது.

ஆனாலும் மனசு லேசில் விடுமா? "வீடு போயிடக் கூடாதுன்னு இப்படிச் சொல்றியோ?" என்று கேட்டுவிட்டான்.

அவள் அவனை வெறித்துப் பார்த்தாள். "பொய் சொல்லணும்னா எம் பிள்ளை உசிரை வச்சா சொல்லுவேன்? நீங்கள்லாம் மேல மூட்டையை அவுத்துக்கிட்டு இருந்தப்பத்தான் வந்து போட்டேன். உப்பு கரைஞ்சிருக்கும். மிளகு கரையுமா? போய்ப் பாருங்க."

பட்டாபி ஓடினான். ஊற்று பொங்குகிற குழியில் முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கல்லிடுக்கைத் துழாவினான். தண்ணீரில் கை விறைத்தது. விரலில் உருண்டையாக ஒன்று தட்டியது, இன்னொன்று, இன்னும் இரண்டு. உள்ளங்கையை விரித்தான். ஊறிப் பருத்த மிளகு.

அப்படியே ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டான். "ராஜையன், குழாயைக் கொண்டாரும் ஓய்" என்றான். அம்மன் ஊற்றைச் சோதித்தான், பளிங்கு. புதரை விலக்கிச் சின்ன ஊற்றுக்குப் போய்ச் சோதித்தான், அதுவும் பளிங்கு. மூன்று மூட்டை உப்பும் எந்த வழியிலோ வந்து, யாரும் பார்க்காமலேயே ஓடைக்குள் இறங்கிப் போய்விட்டது. அது போன வழியைச் சொல்ல இனி ஆள் இல்லை. காலையில் ஒரே ஒரு குழாய், இந்தப் புதருக்குள் நுழைந்து ஒரே ஒரு குழாய் மொண்டிருந்தால் போதும். பட்டாபிக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"மறுபடியும் பாக்கணும்" என்றான்.

"உப்பு வேணுமே சாரே" என்றான் ராஜையன்.

அவனைப் பங்களாவுக்கு ஓட்டினான். துரைக்குக் கோபம் வந்தது. பிறகு, இருட்டுகிறவரைக்கும் தவணை, அதற்குள் நிரூபித்தால் சரி, இல்லாவிட்டால் சொன்னது சொன்னதுதான் என்றாராம். பங்களாவிலிருந்து உப்பு என்று ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி வந்தது. நாலு முட்டைக்குத் தூவலாம். தோட்டத்துக் கடையோ பூட்டிக் கிடந்தது. முதல் சாவு விழுந்த அன்றே கடைக்காரன் சாவியோடு மலை இறங்கிவிட்டான்.

மீதி இருந்தது லயத்து வீடுகளின் உப்புதான்.

பட்டாபி அவர்கள் நடுவில் போய் நின்று கேட்டான். நடந்ததைச் சொன்னான், தான் செய்த பிசகையும் சொன்னான். கூட்டத்தில் ஒரு கிழவர் கேட்டார்.

"சாமி, நாங்க தந்த உப்பு அம்மன் ஊத்துல வெள்ளையா வந்துச்சுன்னா? எங்க கையாலயே எங்க வீட்டுக்குக் கொள்ளி வச்சதா ஆயிராதா?"

வராது என்று சொல்லிவிட வாய் துடித்தது. "வந்தா வந்ததுன்னுதான் சொல்லுவேன்" என்றான். "ஏமாத்த மாட்டேன். இந்தத் தண்ணியைத்தான் கீழே என் வீட்டுலயும் குடிக்கறா. எனக்கும் குழந்தை இருக்கு."

திரவியம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முத்தாரம்மாள் வாசலில் கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்தாள். அதற்குள்ளிருந்து உப்பு மரவையை எடுத்து வந்து, விரித்திருந்த சாக்கில் கவிழ்த்தாள். அடியைத் தட்டி ஒட்டியிருந்ததையும் உதறினாள். அதற்கப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். மரவையில் ஒருத்தி, சிரட்டையில் ஒருத்தி, முந்தானையில் முடிந்து ஒருத்தி. கேட்ட கிழவரும் ஒரு கலயத்தைக் கொண்டுவந்து கொட்டினார். "போனா போகுது. சந்தேகத்துல கிடந்து சாகதைவிட இது மேலு" என்றார்.

உப்பு பள்ளத்தில் இறங்கியது. பட்டாபி அம்மன் ஊற்றில் நின்றான். ராஜையன் சின்ன ஊற்றில் மொண்டு மொண்டு கொண்டுவந்து கொடுத்தான். மேலே சரிவு முழுக்க ஜனங்கள்.

முதல் குழாய் தெளிவு. இரண்டாவது தெளிவு. அங்கேயும் தெளிவு, இங்கேயும் தெளிவு. மேற்கே மேகம் கறுத்துத் தேயிலைச் செடிகள்மேல் நிழல் ஏறியது. காலில் அட்டை கடித்துத் தொங்கியதைப் பட்டாபி கவனிக்கவே இல்லை. ஓர் உலை அரிசி வெந்திருக்கும்; இன்னும் ஒன்றும் வரவில்லை. உப்பு போதவில்லையோ? இரண்டிலும் வராமல் வேறெங்காவது போய்விட்டதோ? அப்படியானால் துரையிடம் எதைக் காட்டுவது?

ராஜையன் புதரிலிருந்து ஓடி வந்தான். பட்டாபி வாங்கிச் சொட்டு விட்டான்.

வெள்ளை.

"சின்ன ஊத்து சாரே! சின்ன ஊத்து!" என்று கத்திவிட்டான் ராஜையன். மேலே கூட்டம் ஹோ என்று எழுந்தது.

"சும்மா இரும் ஓய்!" பட்டாபி போட்ட அதட்டலில் எல்லாரும் அடங்கிவிட்டார்கள். சின்ன ஊற்றில் வந்துவிட்டால் பெரியதில் வராது என்று யார் சொன்னது? அதில் கொஞ்சம் பிந்தி வரலாமே. காலையில் ஒரு குழாயைப் பார்த்துவிட்டு ஓடியவன் இப்போது அசையவில்லை. அம்மன் ஊற்றில் மொண்டான். தெளிவு. மறுபடி மொண்டான். தெளிவு. சின்ன ஊற்றில் வெள்ளை கட்டியாக வந்து, பிறகு மெலிந்து, பிறகு இல்லவே இல்லை என்று ஆனது. அதற்குள் துரையும் குடையோடு வந்து பின்னால் நின்றார். உப்பு முழுக்க வந்து தீர்ந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் பட்டாபி கடைசிக் குழாயை அம்மன் ஊற்றில் மொண்டு, சொட்டு விட்டு, துரையின் கையில் கொடுத்தான்.

துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளிங்காக இருந்தது. மழைக்கு முன்னால் அந்தச் சின்ன ஊற்றை அடையுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார். லயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேசாமல் போனதே பெரிசு என்று எல்லாரும் கல் சுமக்க ஓடினார்கள். திரவியம் இடுப்பளவு சேற்றில் இறங்கிக் களிமண்ணை மிதித்தான். பட்டாபி பூணூலை வரிந்து தோளில் சுற்றிக்கொண்டு அவனோடு கல்லைப் பிடித்தான். ஊற்று அடைபட்டு, தண்ணீர் ஓடையை விட்டு அந்தப் பக்கத்துக் குழிக்குத் திரும்பிய பிறகுதான் முதல் தூறல் விழுந்தது.

ஜனங்கள் பாயையும் சட்டியையும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மழை பலத்தது. பட்டாபி திரவியத்தின் வீட்டு இறவாரத்தில் ஒதுங்கப் போனான். அங்கே வாசலில், மழைச் சாரலில் நனைந்துகொண்டு முத்தாரம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ளே போகலியாம்மா?"

"பயமா இருக்கு சாமி." பல் கிட்டியது அவளுக்கு. "அப்பமே பிடிச்சு நான் உள்ள போகல. அவ அப்பாதான் போயிருக்காவ. வாயை விட்டுட்டேன்லா. நான் போய்ப் பாக்கையில அது..." மேலே சொல்ல முடியாமல் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பட்டாபி அவளுக்கு என்ன சொல்வது? நேர்ச்சையெல்லாம் பொய் என்றா? அவள் வாயைத் திறக்கவைத்தது அவனுடைய அவசரம். உள்ளே கிடக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அவள் ஆயுசுக்கும் தன்னைத்தான் சொல்லிக்கொள்வாள். அவனைச் சொல்ல மாட்டாள். அதை நினைக்க அவனுக்குத் தாங்கவில்லை. தாயே, முத்தாரம்மா, என்று கறுத்துப்போன விரல்களைக் கோத்து அவனும் வேண்டிக்கொண்டான். கரமனைக்கு வேண்டிக்கொண்டதைவிட அதிகமாகவே வேண்டிக்கொண்டான்.

உள்ளே அடுப்புப் புகைந்தது. திரவியம் யாரிடமோ, "இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சுவது கேட்டது. கரண்டி கிண்ணத்தில் தட்டியது. முத்தாரம்மாள் தலையைத் தூக்கினாள்.

மழை ஓசைக்கு நடுவே, மெலிசாக, சிடுசிடுவென்று ஒரு குரல் வந்தது.

"எம்மா... கஞ்சியில உப்பே இல்ல."

முத்தாரம்மாள் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். "இல்லட்டி, இல்ல. உப்பு ஒரு வீட்டுலயும் இல்லட்டி, எந் தங்கம்" என்று அவள் அழுவதும் சிரிப்பதும் வெளியே நின்ற பட்டாபிக்குக் கேட்டது. லயத்தில் அன்று எல்லா வீட்டிலும் உப்பில்லாத கஞ்சிதான். அவனும் வாங்கிக் குடித்தான்.